டெனிஸ் கோஸ்கி சங்கத் தலைவியாக இருந்த வருஷம்

ரெய்னோ கோஸ்கியை ஆஸ்பத்திரியிலிருந்து அவர் தம்பி கர்ட் வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று ஏரிப்பக்கமிருந்து பனி கொட்டிக்கொண்டே இருந்தது. காலையில் கர்ட் வழித்துவிட்ட நடைபாதை மதியத்துக்குள் மூடிப்போய்விட்டது. அவன் மறுபடியும் பனிவாரியைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். நான் பக்கத்து வீடு. அடுப்பிலிருந்து எடுத்த பாஸ்டிகளைத் துண்டில் சுற்றிக்கொண்டு அவர்கள் சமையலறையில் போய் நின்றேன். மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் டர்னிப்பும் வைத்து மடித்துச் சுட்ட பாஸ்டி எங்கள் ஆஷ் ஹார்பரில் சாவு வீட்டுக்கும் போகும், பிள்ளை பெற்ற வீட்டுக்கும் போகும், எலும்பு முறிந்த வீட்டுக்கும் போகும்.

கர்ட் ஒரு பக்கமும் அவன் மனைவி டெனிஸ் ஒரு பக்கமும் தாங்கிக்கொள்ள, ரெய்னோ படியேறி வந்தார். தோள்பட்டை எலும்பு முறிந்து கை மார்போடு சேர்த்துக் கட்டியிருந்தது. இடுப்பெலும்பில் ஒரு விரிசல். டெனிஸ் டூட்டி முடிந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனவள், போலீஸ் உடுப்பைக்கூட மாற்றியிருக்கவில்லை.

"ஒரே வாரத்துல ரெண்டு போலீஸ் என்னைப் புடிச்சாச்சு," என்றார் ரெய்னோ. "இது கொஞ்சம் பதமாப் புடிக்குது."

யாரும் சிரிக்கவில்லை. அவரே சிரித்து, அது தோளில் வலித்து, பல்லைக் கடித்தார்.

ரெய்னோ கர்ட்டின் அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளாதவர். காட்டில் மரம் வெட்டிக் காலம் தள்ளியவர், ஊருக்கு வெளியே விறகு அடுப்பு வைத்த வீட்டில் தனியாக இருந்தார். ஒற்றைக் கையால் விறகு பிளக்க முடியாது என்று, சமையலறையை ஒட்டிய அறையில் கர்ட் அவருக்குக் கட்டில் போட்டிருந்தான்.

நடந்தது இதுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பழைய பட்டாளத்துக்காரர்களின் லீஜன் மன்றத்தில் மீன் வறுவல். ஊரே அங்கேதான் இருக்கும். ரெய்னோ அன்றைக்கு பிராந்தியைக் கொஞ்சம் கூடுதலாகவே போட்டுக்கொண்டு வெளியே வந்து தன் டிரக்கின் கதவைத் திறந்தார். அங்கே டூட்டியில் நின்றிருந்த போட்ரி என்ற போலீஸ்காரன், "வண்டி எடுக்கக் கூடாது," என்றான். "வண்டி எடுக்கல, தொப்பி எடுக்கறேன்," என்றார் இவர். அவன் கையைப் பிடித்தான். இவர் உதறினார், ஒரு வார்த்தையும் சொன்னார். அடுத்த நொடி உறைந்த தரையில் குப்புறக் கிடந்தார். மீன் தின்று வாயைத் துடைத்துக்கொண்டு வந்தவர்கள் அத்தனை பேரும் எலும்பு உடைந்த சத்தத்தைக் கேட்டார்கள். போட்ரியின் மார்பில் மாட்டியிருந்த கேமராவும் கேட்டது.

திங்கட்கிழமை போலீஸ் சீஃப் போட்ரியைக் கூப்பிட்டு, பேட்ஜை மேஜைமேல் வைத்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டார். நடந்ததை அவன் தன் வாயால் சொல்ல இடமே கொடுக்கவில்லை. ஊருக்குத் திருப்தி. கர்ட்டுக்கும் திருப்தி.

ஆனால் அந்த வருஷம் போலீஸ்காரர்கள் சங்கத்துக்குத் தலைவி டெனிஸ்.

சங்கம் என்று சொன்னால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். எல்லாரையும் ஒரு வேனில் ஏற்றிவிடலாம். புது வருஷத்தோடு அவர்களுடைய ஒப்பந்தம் முடிந்துபோய், புதிதாக ஒன்று போடாமலே நகராட்சி இழுத்தடித்துக்கொண்டிருந்தது. கப்பலில் இரும்புத்தாது ஏற்றும் துறையில் வேலை பாதியாகிவிட்டதால் வரி வரவில்லை. போலீஸையே கலைத்துவிட்டு ஊர்க்காவலை மாவட்டம் முழுவதையும் பார்க்கிற கவுண்டி ஷெரீஃபிடம் கொடுத்துவிடலாம் என்று நகர்மன்றத்தில் பேச்சு. நான் நகராட்சியில் தண்ணீர்க் கட்டணம் வாங்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்காருகிறவள், எல்லாம் காதில் விழும். ஏற்கெனவே இரண்டு போலீஸ்காரர்கள் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் டூட்டிமேல் டூட்டி பார்த்தார்கள். கர்ட் தாது ரயில் ஓட்டுகிறவன். அவன் வீட்டுக்குள் வரும்போது டெனிஸ் சப்பாத்து மாட்டிக்கொண்டிருப்பாள். வாசலில் இரண்டு வார்த்தை, அவ்வளவுதான் அவர்கள் குடித்தனம்.

அந்த வாரக் கடைசியில் போட்ரி வந்தான். சப்பாத்துகளைக் கழற்றி வைக்கும் பின்கட்டில் நின்று கதவைத் தட்டினான். நான் உள்ளே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன்.

"உள்ள வரலாமா, டெனிஸ்?"

"வேண்டாம். அவரு இருக்காரு."

"யாரு?"

"யாருன்னா? இது அவர் தம்பி வீடு."

போட்ரிக்கு அது தோன்றியே இருக்கவில்லை போல. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். தடித்த கழுத்தும் சின்னக் கண்ணுமாக, பார்த்தால் யாருக்கும் பிரியம் வராத முகம் அவனுக்கு.

"நான் வேற யார்கிட்ட போவேன்? நீதான தலைவி."

"தெரியும்."

"இத்தனை வருஷத்துல என் மேல ஒரு புகார் கிடையாது. சீஃப் என்னை ஒரு வார்த்தை பேச விடல."

"நீ செஞ்சது தப்பு, போட்ரி. அந்தக் கேமராப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துட்டேன். எந்தப் பக்கத்துலேருந்து பார்த்தாலும் தப்புதான்."

"தப்புதான்."

"அதை முதல்லயே சொல்லியிருக்கலாம்."

"யார்கிட்ட சொல்ல? யாரும் கேக்கவே இல்லையே."

குளிரில் இரண்டு பேர் மூச்சும் புகையாக வந்து நடுவில் கலந்தது.

"மனு போடறேன். வீட்டுக்குப் போ. இனிமே இந்தப் பக்கம் வராத, ஃபோன் பண்ணு."

உள்ளறையிலிருந்து ரெய்னோவின் குரல் வந்தது. "யாரு டெனிஸ் வெளியில?"

"டூட்டி விஷயம்."

"கதவைச் சாத்து. குளிரு உள்ள வருது."

சாயங்காலம் கர்ட் வந்ததும் டெனிஸ் சொல்லிவிட்டாள். நான் எழுந்து போகப் பார்த்தேன். "உட்காரு லொரெய்ன்," என்றாள். சாட்சிக்கு ஓர் ஆள் வேண்டியிருந்ததோ என்னவோ. மான்கறிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே பேசினாள்.

"அவனுக்காக நீ பேசப் போறியா?" என்றான் கர்ட்.

"சங்கம் பேசும்."

"சங்கம்னா யாரு? நீதான்."

"சந்தா கட்டற எல்லாருக்கும் பேசணும். நமக்குப் புடிச்சவனுக்கு மட்டும் பேசினா அது சங்கம் இல்ல, கூட்டாளிக் கும்பல்."

"எனக்கே சங்கத்தைப் பத்திப் பாடம் எடுக்கறியா? எங்கப்பா துறைமுகத்துல ஸ்ட்ரைக் பண்ணினப்ப நீ பாலத்துக்குக் கீழ தொட்டில்ல கிடந்த."

ஏரியின் குறுக்கே போகும் பெரிய பாலத்துக்குத் தெற்கே பிறந்தவர்களை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம், பாலத்துக்குக் கீழே இருப்பவர்கள் என்று. டெனிஸ் வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் பாஸ்டிமேல் கெட்சப் ஊற்றாமல் கிரேவி ஊற்றுகிறாள் என்பதில் கர்ட்டுக்கு இன்னும் குறை உண்டு. வழக்கமாக அது விளையாட்டு. அன்றைக்கு விளையாட்டில்லை.

"உங்க ரயில்வேல ஒருத்தன் சிக்னலைத் தாண்டிட்டா உங்க சங்கம் கையைக் கட்டிக்கிட்டு நிக்குமா?"

"சிக்னலுக்கு எலும்பு கிடையாது, டெனிஸ்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வேற யாரையாவது செய்யச் சொல்லு," என்றான் அவன். "உங்க ஸ்டேஷன் கோர்டி இருக்கானே."

"கேட்டுட்டேன். மாட்டேன்னுட்டான். எல்லாருமே மாட்டேன்னுட்டாங்க."

"அப்ப நீயும் மாட்டேன்னு சொல்லேன்."

"இந்தச் சண்டையை வேற எங்கயாவது வெச்சுக்கங்க," என்றார் உள்ளிருந்து ரெய்னோ. "டிவில ஹாக்கி ஓடுது. ஒண்ணும் கேக்கல."

அப்புறம் அந்த வீட்டில் ஓடிய நாட்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வியப்புதான். காலையில் டெனிஸ் ரெய்னோவுக்கு ஓட்ஸ் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பாள், கட்டை அவிழ்த்துக் கையைத் துடைத்து மறுபடி கட்டுவாள், சட்டைப் பொத்தான் போட்டுவிடுவாள். அது முடிந்ததும் அதே மேஜையில் கஞ்சிக் கிண்ணத்தை நகர்த்திவிட்டு, அவர் எலும்பை முறித்தவனுக்காக எழுத உட்காருவாள். வீட்டில் வேறு மேஜை கிடையாது.

"என்னைப் பத்தி இன்னைக்கு என்ன எழுதின?" என்று கேட்பார் ரெய்னோ.

"குடிச்சிருந்தீங்கன்னு எழுதினேன்."

"எவ்வளவுன்னு எழுதின?"

"கணக்குத் தெரியல."

"எனக்கும் தெரியாது. அப்படியே விடு."

கர்ட்டுக்கு இது பொறுக்கவில்லை. அண்ணன் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தான். அவர் கோபப்படாததால் அவர் பங்கையும் சேர்த்து இவனே சுமந்தான். தட்டை எடுத்துக்கொண்டு போய் அண்ணன் கட்டிலருகே உட்கார்ந்து சாப்பிட்டான். மேஜையில் டெனிஸ் மட்டும்.

மார்ச்சில் நகராட்சி மேலாளர் ஹாலன் அவளை என் ஜன்னலுக்கு எதிரே நடைவழியில் நிறுத்தினார். நல்ல கோட்டு, மெதுவான பேச்சு. ஒரு நாளும் குரல் உயர்த்தாத மனிதர்.

"டெனிஸ், போட்ரி மனுவை வாபஸ் வாங்கிடுங்க. ஒப்பந்தத்துல உடனே கையெழுத்துப் போட்டுடறேன். ஒரு ஆளையும் வேலையிலேருந்து எடுக்க மாட்டோம். ஷெரீஃப் பேச்சையும் நிறுத்திடறோம்."

"எழுதித் தருவீங்களா?"

"இதையெல்லாம் யாராவது எழுதுவாங்களா?"

"சங்கத்துல கேட்டுச் சொல்றேன்."

"உங்க வீட்டுலயும் எல்லாருக்கும் நிம்மதி," என்றார் அவர்.

டெனிஸ் அவரைப் பார்த்த பார்வையில் நான் ரசீதில் தப்பாக எழுதிவிட்டேன். "என் வீட்டை நான் பாத்துக்கறேன், மிஸ்டர் ஹாலன்."

துறைமுகத் தொழிலாளர்கள் ஹாலை இரவல் வாங்கிக் கூட்டம் போட்டார்கள். அங்கே நடந்ததை கோர்டி நால்ட் பிற்பாடு என் ஜன்னலில் சாய்ந்துகொண்டு சொன்னான். அவன்தான் ஸ்டேஷனிலேயே மூத்தவன், ஓய்வு பெற இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. டெனிஸ் ஹாலன் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னாளாம். கர்ட்டின் அண்ணன் எங்கே படுத்திருக்கிறார் என்பதையும் சொன்னாளாம். அதனால் தன் ஓட்டைப் போடப் போவதில்லை என்று உட்கார்ந்துவிட்டாளாம்.

"நான் எழுந்து கேட்டேன்," என்றான் கோர்டி. "ஒரு முரட்டுப் பயலுக்காக எல்லார் சோத்துலயும் மண்ணா? அவன் செஞ்சது தப்புன்னு இவளே சொல்றா. அப்புறம் என்ன வழக்கு?"

"அதுக்கு அவ என்ன சொன்னா?"

"அவ ஒண்ணும் சொல்லல. அந்தப் பொண்ணு காய்லாதான் எழுந்தா. வந்து ஒரு வருஷம்கூட ஆகல. 'நாளைக்கு நான் ஏதாவது தப்புப் பண்ணினா என்னையும் இப்படித்தான் ஒப்பந்தத்துக்கு வித்துடுவீங்களா'ன்னு கேட்டா. அதுல ரெண்டு பேர் மனசு மாறிட்டாங்க. மனு வாபஸ் இல்லைன்னு ஆயிடுச்சு. ஒரே ஒரு ஓட்டு வித்தியாசம், லொரெய்ன். ஒரே ஒரு ஓட்டு."

விசாரணை ஏப்ரலில் வந்தது. இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்ட வெளியூர் நடுவர் ஒருவர் வந்து கேட்டுத் தீர்ப்புச் சொல்வார். அதற்குமேல் பேச்சில்லை. நடுவராக விஸ்கான்சினிலிருந்து வந்தவர் ஃபென்ஸ்கே என்ற நரைத்த தலை அம்மாள். சங்கத்துக்காகப் பேச வேண்டிய வழக்கறிஞர் பாலத்துக்குக் கீழேயிருந்து வர வேண்டும். அன்று காலை பாலத்தின் கம்பிகளிலிருந்து பனிக்கட்டிகள் உருகி விழுகின்றன என்று பாலத்தையே மூடிவிட்டார்கள்.

தள்ளி வைக்கலாமா என்று நடுவர் கேட்டார். தள்ளினால் இலையுதிர் காலத்தில்தான் அடுத்த தேதி. போட்ரி டெனிஸைப் பார்த்தான். சம்பளமில்லாமல் மச்சினன் கடையில் டயர் மாற்றிக்கொண்டிருந்தான், நகத்திலெல்லாம் கறுப்பு. வேண்டாம் என்று தலையாட்டினான்.

"நானே பேசறேன்," என்றாள் டெனிஸ். "ஆனா ஒண்ணு சொல்லிடணும். நகராட்சித் தரப்பு சாட்சி என் வீட்டுக்காரரோட அண்ணன். என் வீட்டுலதான் இருக்காரு."

நகராட்சி வக்கீல் லேசாகச் சிரித்தார். "எங்களுக்கு ஆட்சேபம் இல்லை."

நகர்மன்றக் கூடத்தில் காப்பிக்கு நான் பொறுப்பு. அதனால் கதவோரம் இருந்தேன். சீஃப் பேசினார், படம் ஓடியது. போட்ரி எழுந்து, தான் செய்தது தப்பு என்றும், ஆனால் தன்னை ஒருவரும் எதுவும் கேட்கவில்லை என்றும் சொன்னான். வேறு இரண்டு தடவை வேறு போலீஸ்காரர்கள் இதைப்போலச் செய்தபோது சஸ்பெண்ட் மட்டும் செய்ததை டெனிஸ் எடுத்துக் காட்டினாள். அப்புறம் ரெய்னோவைக் கூப்பிட்டார்கள். கர்ட் அவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து உட்கார்த்திவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தான். வக்கீல் கேட்டதெல்லாம் எளிது. எங்கே வலித்தது, எவ்வளவு வலித்தது. பிறகு டெனிஸ் முறை.

"உங்க பேரு?"

"உனக்குத் தெரியாதா?"

"பதிவுக்காகச் சொல்லுங்க," என்றார் நடுவர்.

"ரெய்னோ கோஸ்கி."

"மிஸ்டர் கோஸ்கி, இப்ப எங்க தங்கியிருக்கீங்க?"

"உன் வீட்டுலதான். காலையில கஞ்சி குடுக்கும்போது ரெய்னோன்னுதான கூப்பிட்ட? இப்ப என்ன திடீர்னு மிஸ்டர்?"

கூடத்தில் சிரிப்பு. நடுவர்கூடக் குனிந்துகொண்டார். டெனிஸ் சிரிக்கவில்லை. அவள் காதுமடல் சிவந்திருந்ததை நான் பார்த்தேன்.

"போட்ரி கையைப் புடிச்சப்ப என்ன செஞ்சீங்க?"

"உதறினேன்."

"எந்தப் பக்கமா?"

ரெய்னோ யோசித்தார். நல்ல கையைத் தூக்கி, மெதுவாக உதறிப் பார்த்தார். "அவன் மூஞ்சிப் பக்கமா. வேணும்னு இல்ல. ஆனா பட்டிருக்கும்."

படத்தில் அது தெரியாது. கேமரா மார்பில் இருந்தது. வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்ன வார்த்தை சொன்னீங்க?"

"பொம்பளைங்க இருக்காங்க."

"நான் போலீஸ் வேலை பாக்கறவ. சொல்லுங்க."

சொன்னார். அது போட்ரியின் தாயைப் பற்றியது. போட்ரி தரையைப் பார்த்தான்.

"அதுக்காக உங்களைக் கீழ சாய்ச்சது சரியா?"

"இல்ல."

டெனிஸ் அத்துடன் உட்கார்ந்திருக்கலாம். நடுவர்கூட முடிந்தது என்று நினைத்துப் பேனாவை மூடினார். டெனிஸ் கையிலிருந்த காகிதங்களை மேஜைமேல் வைத்தாள்.

"அவனை என்ன செய்யணும்னு நீங்க நினைக்கறீங்க?"

வக்கீல் எழுந்தார். நடுவர் கையை உயர்த்தி அவரை உட்காரச் சொல்லிவிட்டு ரெய்னோவைப் பார்த்தார்.

"இத்தனை நாள்ல இதை என்னை யாரும் கேக்கல," என்றார் ரெய்னோ. "சீஃப் ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. பூ குடுத்தாரு. மிஸ்டர் ஹாலன் வந்தாரு. கேஸ் போடுவீங்களான்னு கேட்டாரு. எனக்கு என்ன வேணும்னு கேக்கல. அவனுக்காகப் பேச வந்தவ கேக்கறா." தண்ணீர் கேட்டார். நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். "முதல் வாரம் கேட்டிருந்தா அவனையும் அதே இடத்துல குப்புறப் போடுங்கன்னு சொல்லியிருப்பேன். இப்ப, அவன் என் முன்னால வந்து நிக்கணும். அது போதுமான்னு தெரியாது. ஆனா அது வேணும். அவன் வேலை போன பழியை என் தலையில கட்டாதீங்க. எனக்கு இப்ப ஒரு கைதான் இருக்கு."

விசாரணை முடிந்து கர்ட் அண்ணனை டிரக்கில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். டெனிஸுக்காக நிற்கவில்லை. நானும் அவளும் மலைச்சரிவுத் தெருவில் நடந்தே ஏறினோம். இரண்டு பக்கமும் பனி உருகி ஓடிக்கொண்டிருந்தது. வழியெல்லாம் அவள் பேசியது ஒரே ஒரு வாக்கியம். "வீட்டுல பால் இருக்கான்னு தெரியல."

தீர்ப்பு மே மாதம் வந்தது. போட்ரிக்குக் கோடை முடியும்வரை சம்பளம் கிடையாது. மறுபடி பயிற்சி எடுக்க வேண்டும். அதன்பின் வேலை உண்டு. விளக்கம் கேட்காமல் நீக்கியது செல்லாது.

ஊர் பேசாமல் பேசியது. ரொட்டிக் கடைக்காரி டெனிஸுக்கு ரொட்டியைக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தாள். அவள் கார்க் கண்ணாடித் தூசியில் யாரோ "போட்ரியின் வக்கீல்" என்று விரலால் எழுதிவைத்திருந்தார்கள். மழை பெய்யும்வரை அதோடே ஓட்டினாள்.

"ஜெயிச்சிட்ட போல," என்றான் கர்ட்.

"இதுல யாரு ஜெயிச்சா?" என்றாள்.

ரெய்னோ அதற்குள் தன் வீட்டுக்குத் திரும்பியிருந்தார். கர்ட்டும் டூட்டி இல்லாத நாளெல்லாம் காட்டிலிருக்கும் வேட்டைக் குடிலுக்குப் போய்விட்டான். கூரை ஒழுகுகிறது என்றான், படி உளுத்துவிட்டது என்றான். கோடை முழுக்கப் பழுது பார்க்கிற அளவுக்கு அது பெரிய குடில் இல்லை. ஒரு தடவை வேலியருகே பிடித்து நேராகவே கேட்டுவிட்டேன்.

"எத்தனை நாளைக்கு இப்படி, கர்ட்?"

தூண்டில் பெட்டியை டிரக்கில் வைத்தான். "அவ செஞ்சது தப்புன்னு என்னால சொல்ல முடியல, லொரெய்ன். அதான் வீட்டுல இருக்க முடியல."

ஆகஸ்ட்டில் ப்ளூபெர்ரி பறித்துவிட்டு வரும் வழியில் ஒரு சட்டி ரெய்னோவுக்குக் கொடுக்கலாம் என்று இறங்கினேன். காப்பி போட்டுக்கொண்டிருந்தார். தோள் கூடிவிட்டது. கை மட்டும் தலைக்குமேல் போகாது. ஒரு கார் வந்து நின்றது. போட்ரி. உடுப்பு இல்லாமல், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு. தனியாகத்தான் வந்தான். தீர்ப்புக்குப் பிறகு டெனிஸ் அவனிடம் சொன்னதெல்லாம், "அவர் சொன்னது உன் காதுல விழுந்துச்சு இல்ல?" என்பது மட்டும்தானாம்.

முற்றத்தில் வந்து நின்றான். "நான் செஞ்சது தப்பு, மிஸ்டர் கோஸ்கி. உங்களைப் புடிச்சு நிறுத்தியிருக்கணும். தள்ளியிருக்கக் கூடாது. மன்னிச்சுடுங்க."

ரெய்னோ அவனை ஏற இறங்கப் பார்த்தார். அவசரமே இல்லை அவருக்கு.

"உங்கம்மாவைச் சொன்னது என் தப்பு. உட்காரு."

"நிக்கறேன்."

"நிக்கறதுன்னா நில்லு. காப்பி ஆறிடும்."

குவளையை வாங்கிக்கொண்டு நின்றே குடித்தான். அந்த வருஷம் கொசு அதிகம் என்று ரெய்னோ சொன்னார். ஆமாம் என்றான். குவளையைப் படியில் வைத்துவிட்டுப் போனான்.

"மன்னிச்சாச்சா?" என்று கேட்டேன்.

"காப்பி குடுத்தேன்," என்றார் ரெய்னோ. "அது வேற, இது வேற."

ஒப்பந்தம் அக்டோபரில் ஒருவழியாகக் கையெழுத்தானது. ஷெரீஃப் பேச்சு நின்றுவிட்டது. ஆனால் ஹாலன் மார்ச்சில் சொன்ன ஒப்பந்தம் இல்லை இது. ஸ்டேஷனில் ஓர் ஆள் இடத்தைக் குறைத்துவிட்டார்கள். கடைசியாக வந்தவர் முதலில் போக வேண்டும் என்பது விதி. கடைசியாக வந்தவள் காய்லா. போட்ரி வேலையில் இருந்தான், அவனுக்காக எழுந்து பேசிய பெண்ணுக்கு வேலை போனது. அதைச் சொல்ல வேண்டியதும் டெனிஸ்தான். காய்லாவின் வீட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்ற அவளே போனாள். போட்ரியும் வந்து கட்டில் தூக்கினானாம். மூன்று பேரும் அதிகம் பேசவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னாள். "திரும்பவும் அதே மாதிரிதான் ஓட்டுப் போடுவேன்னு சொல்லிட்டுப் போனா, லொரெய்ன். அவ என்னை ரெண்டு திட்டுத் திட்டியிருந்தா தேவலாம்."

மான் வேட்டைக் காலம் முடிந்து, எல்லாரும் காட்டிலிருந்து திரும்பிய பிறகு சங்கத் தேர்தல் வந்தது. அன்று சாயங்காலம் நான் அவர்கள் சமையலறையில் இருந்தேன். கர்ட் தான் சுட்ட மானின் தொடைக்கறியைத் துண்டு போட்டுக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தான், எனக்கும் ஒரு பங்கு. பனி தூற ஆரம்பித்திருந்தது. டெனிஸ் வந்து பின்கட்டில் சப்பாத்தைக் கழற்றும் சத்தம் கேட்டது. உள்ளே வந்தாள், கோட்டைக் கழற்றவில்லை.

கர்ட் கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான். "என்ன ஆச்சு?"

"கோர்டி வந்துட்டான்."

"எங்க வந்துட்டான்?"

"தலைவரா."

கத்தி நின்றது. "நீ நிக்கலையா?"

"நின்னேன்."

"நின்னும் அவனுக்கா போட்டாங்க?"

"பாதிக்கு மேல அவனுக்குத்தான். காய்லா போனது எல்லாருக்கும் மனசுல இருக்கு. நியாயம்தான்."

"என்ன நியாயம்?" கர்ட் கையைத் துணியில் துடைத்தான். சரியாகத் துடைக்கவில்லை, சட்டையில் ரத்தம் பட்டது. "வருஷம் பூராவும் யாரு அலைஞ்சா? ஒருத்தனும் தொட மாட்டேன்னதை யாரு தொட்டா? கோர்டியாம் கோர்டி! விசாரணை அன்னைக்கு அந்த ஆளு பல்லு வலின்னு வீட்டுல படுத்திருந்தான். அறிவுகெட்ட பயலுங்க!"

டெனிஸ் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிப்ரவரியிலிருந்து அவன் அவளோடு சேர்ந்தாற்போல இத்தனை வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அவன் அவளைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போய்த் தன் சப்பாத்தைத் தேடினான்.

"எங்க போற?"

"கோர்டி வீட்டுக்கு."

"என்னத்துக்கு?"

"வாழ்த்துச் சொல்ல."

"சட்டையெல்லாம் ரத்தமா இருக்கு, கர்ட்."

அவன் குனிந்து சட்டையைப் பார்த்தான். டெனிஸுக்கு முதலில் ஒரு சின்னச் சிரிப்புதான் வந்தது. பிறகு அடக்க முடியவில்லை. கோட்டோடே பின்கட்டுப் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது, தோள் குலுங்கியது, அப்புறம் அது சிரிப்பாகவும் இல்லை. கர்ட் ஒரு காலில் மட்டும் சப்பாத்தை மாட்டிக்கொண்டு, போவதா வேண்டாமா என்று தெரியாமல் அவள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். நான் என் பங்குக் கறியை எடுத்துக்கொண்டு முன்வாசல் வழியாக வெளியே வந்தேன்.